நவம்பர் மாத ஜடுவல்

ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் நாலாவது, ஐந்தாவது மாடிகளைக் கூட்டித் துடைக்கிற ஆட்களில் யாருக்கு எந்த நாள் வேலை, யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று எழுதிச் சுவரில் ஒட்டுவது பிரமிளாவின் பொறுப்பு. ஜடுவல் போடுவது என்று அங்கே சொல்வார்கள். கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரிதான் இருக்கும். பதினெட்டுப் பேர், முப்பது கட்டம், ஒரு பென்சில், ஒரு ரப்பர். போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எழவு என்னவென்று தெரியும்.

மற்ற நாடுகளில் எப்படியோ, மலேசியாவில் பெருநாள் இல்லாத மாதத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். சீனப் பெருநாள், தைப்பூசம், நோன்புப் பெருநாள், விசாகம், மாமன்னர் பிறந்தநாள் என்று ஒன்று போனால் ஒன்று வந்து நிற்கும். இது போதாதென்று மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. நவம்பர் முதல் வெள்ளி பேராக் சுல்தானின் பிறந்தநாள். இங்கே லீவு, பக்கத்துப் பினாங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விழுந்த பெருநாளைத் திங்கட்கிழமைக்கும் நீட்டுவார்கள். நோன்புப் பெருநாள் என்றைக்கு என்று முந்தின நாள் இரவு தொலைக்காட்சியில் சொன்னால்தான் நிச்சயம். ஆகவே அந்த மாதம் பிரமிளா இரண்டு ஜடுவல் போடுவாள், பிறை தெரிந்தால் ஒன்று, தெரியாவிட்டால் ஒன்று. தேர்தல் முடிந்த மறுநாள் திடீரென்று ஒரு லீவு அறிவிப்பார்கள். ஊரே குதிக்கும். பிரமிளா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு ரப்பரைத் தேடுவாள். அரசாங்கம் லீவு விட்டால் ஆஸ்பத்திரிக் கக்கூஸும் லீவு எடுத்துக்கொள்ளுமா என்ன?

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான கிராணி, யார் எந்த மர நிரைக்குப் போவது என்று பிரித்துவிடுவார். அந்தத் தோட்டம் விற்றுப்போய் வீடமைப்பாகி எத்தனையோ வருஷமாகிறது. ஈப்போவில் சிலிபின் பகுதியில் குடியேறிய பிரமிளா, இந்த மருத்துவமனைக்குத் துப்புரவு ஆட்களை அனுப்பும் ஒரு கம்பெனியில் துடைப்பம் பிடிக்கச் சேர்ந்து, பத்து வருஷத்தில் சூப்பர்வைசர் ஆனாள். தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் அவளைக் கிராணியம்மா என்று கேலி செய்வார்கள். கிராணிக்கு வெள்ளை கால்சட்டை, சைக்கிள், தனி வீடு எல்லாம் இருந்தது. இவளுக்கு இருந்தது ஓயாத கால் வலியும், லீவு கேட்டு விடிகாலையில் வரும் வாட்ஸாப் செய்திகளும்தான்.

கம்பெனியில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. சூப்பர்வைசர் ஒருவர் இல்லாமல் எந்த நாளும் ஓடக் கூடாது. நோயாளிகளின் இரத்தம், ஊசி என்று வருகிற குப்பை அறையின் சாவி அவர்களிடம்தான் இருக்கும், கையெழுத்தும் அவர்கள்தான் போட வேண்டும். இரண்டு மாடிக்கும் சேர்த்து இரண்டே சூப்பர்வைசர். முதலில் அவளோடு இருந்தவர் பத்துமலை அண்ணன். நாலு பிள்ளைக்காரர். தீபாவளி வந்தால், "பிரமிளா, புள்ளைங்க பாவம்லா" என்பார். அவ்வளவுதான், இவள் தன் பெயரை எழுதிவிடுவாள். அவர் ஓய்வு பெற்றுப் போனபின் சலாஹுதீன் வந்தான். அவன் நல்லவன். நோன்புப் பெருநாளுக்கு நீங்க நில்லுங்க, தீபாவளிக்கு நான் நிக்கிறேன் என்று முதல் வருஷமே சொன்னான். ஆனால் தீபாவளியன்று தமிழ்ப் பெண்கள் எல்லோரும் லீவு கேட்பார்கள். மூன்று மடங்கு சம்பளம் என்றாலும் ஒருத்தி நிற்க மாட்டாள். கைக்குழந்தைக்காரி அழுவாள், மாமியாருக்குப் பயந்தவள் அழுவாள். ஆள் குறையும். குறைந்த இடத்தில் யார் போய் நிற்பது? சலாஹுதீன் சாவியை வைத்துக்கொண்டு ஒரு மாடியில் நிற்க, பிரமிளா மாப்பைத் தூக்கிக்கொண்டு இன்னொரு மாடியில் நிற்பாள். ஆக மொத்தம் பதினாலு தீபாவளி.

வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருந்தார்கள். கணவர் உடையப்பன் ஒன்பது வருஷத்துக்கு முன்பு இறந்துபோனார். மகள் ஷாமினி ஒரே பிள்ளை. அவள் இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும்போது ஒரு வருஷம், இந்தத் தீபாவளிக்கு அம்மா வீட்டில்தான் என்று பிரமிளா வாக்குக் கொடுத்திருந்தாள். காலை ஐந்து மணிக்கு மகளை உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஒருத்தி உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் எம்.சி. எடுத்துவிட்டாள். பாதி எண்ணெய்த் தலையோடு பிள்ளையை விட்டுவிட்டு இவள் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். ஷாமினி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அன்றைக்குப் பிடித்தது பிரமிளாவுக்கு ஒரு பயம். லீவு என்று வாயால் சொன்னால் அது நடக்காமல் போகும். அதற்குப் பிறகு எந்தப் பெருநாளுக்கும் அவள் வீட்டில் முன்கூட்டிச் சொன்னதே இல்லை. மேனேஜர் கையெழுத்துப் போட்டு, தாள் சுவரில் ஏறி, நாலு மூலையிலும் டேப் ஒட்டியான பிறகுதான் வாயைத் திறப்பாள். "ஜடுவல் ஒட்டட்டும், சொல்றேன்" என்பதுதான் யார் கேட்டாலும் பதில். ஒட்டுகிற ஜடுவலில் அவள் பெயருக்கு நேரே வேலை என்றுதான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

இந்த வருஷம் ஜூன் மாதம் ஷாமினிக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை விக்னேஸ்வரன் தைப்பிங்கைச் சேர்ந்த பையன். இருவருக்கும் பினாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை. கல்யாண மண்டபத்தில் தாலி ஏறிய கையோடு பிரமிளா மனத்துக்குள் நினைத்தது ஒன்றுதான்: நவம்பர் எட்டு. தலை தீபாவளி பெண் வீட்டில்தான். மகளையும் மருமகனையும் மணையில் உட்கார வைத்து, விடியுமுன் இரண்டு தலைக்கும் எண்ணெய் வைத்து, குளிக்கச் சொல்லி, புதுத்துணி கொடுத்து, தோசையும் ஆட்டுக்கறியும் போட வேண்டும். புருஷன் இல்லாதவள் எண்ணெய் வைக்கலாமா என்று நாலு பேர் முணுமுணுப்பார்கள். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும், பெற்றவள் நான்தானே என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அன்றைக்கு யார் எம்.சி. எடுத்தாலும் சரி, அந்த ஆஸ்பத்திரி நாறினாலும் சரி, அவள் போவதாக இல்லை.

செப்டம்பரில் ஒரு நாள் ஷாமினி போனில் கேட்டாள். "அம்மா, தீபாவளிக்கு டூட்டியாம்மா?"

சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. இல்லடி, வீட்டுலதான், நீங்க வாங்க என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? ஆனால் அந்த எண்ணெய்த் தலை கண் முன்னால் வந்து நின்றது. "ஜடுவல் ஒட்டட்டும்மா, சொல்றேன்" என்றாள்.

"சரிம்மா" என்று ஷாமினி வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

மகளிடம் சொல்லாததைச் சலாஹுதீனிடம் சொல்ல வேண்டி வந்ததுதான் கொடுமை. செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், ஐந்தாவது மாடி ஸ்டோரில் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவளிடம் அவன் சிரித்த முகத்தோடு வந்தான்.

"அக்கா, நல்ல செய்திலா. அக்மலுக்குத் தேதி வச்சாச்சு. சனிக்கிழமை நிக்காஹ், ஞாயித்துக்கிழமை விருந்து. பாகான் டத்தோவுல மண்டபமும் பேசியாச்சு."

அக்மல் அவனுடைய கடைசித் தம்பி. அவர்கள் வாப்பா காலமான பிறகு இவன்தான் அந்தக் குடும்பத்துக்குத் தலைப்பிள்ளை.

"என்ன தேதி?" என்று பிரமிளா கேட்டாள்.

"நவம்பர் ஏழு, எட்டு."

"எட்டாந்தேதி தீபாவளிடா."

"ஆமாக்கா, அதனாலதான் வச்சோம். வெள்ளிக்கெழம சுல்தான் பிறந்தநாள், திங்கக்கெழமையும் லீவு, மொத்தம் நாலு நாள் வருதுல்ல. கே.எல்.லேருந்து எல்லா சொந்தமும் வந்துருவாங்க. நீங்க எப்படியும் தீபாவளிக்கு நிப்பீங்க. அதான் உங்களக் கேக்காமலே முடிவு பண்ணிட்டோம்."

பிரமிளா கையுறையைக் கழற்றினாள். நாலு நாள் லீவு வந்தால் இந்த ஊரில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியாததா? கேட்காமலே முடிவு பண்ணிட்டோம் என்கிறானே, அதுதான் நெஞ்சில் போய்க் குத்தியது.

"இந்த வருஷம் முடியாது சலாஹுதீன். ஷாமினிக்குத் தலை தீபாவளி."

அவன் முகம் மாறியது. "காலையில கொஞ்ச நேரம்தானேக்கா. முடிச்சுட்டு எட்டு மணிக்கு வந்துடுங்களேன். நான் பாஸ் கிட்ட பேசுறேன்."

"வந்தவங்கள வீட்டுல உக்கார வச்சுட்டு நான் இங்க வந்து கக்கூஸ் கழுவவா?"

"அப்படிச் சொல்லலக்கா."

"உன் நோன்புப் பெருநாளுக்கு ரெண்டு நாளும் நான்தான் நின்னேன். போன வருஷமும் நின்னேன். இது ஒரு நாள் எனக்கு விட்டுக் குடு."

இரண்டு வாரம் அவர்களுக்குள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. மேனேஜர் மகேந்திரனிடம் போனார்கள். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு வாங்க, நான் சைன் பண்றேன்" என்றார். மேனேஜர் என்று ஒருவர் எதற்கு இருக்கிறார் என்று கேட்டால் அதற்குத்தான், சைன் பண்ண. கடைசியில் சலாஹுதீனே இறங்கி வந்தான். சனிக்கிழமை நிக்காஹ் முடித்துவிட்டு அன்றே ஈப்போ திரும்பிவிடுவதாகவும், ஞாயிறு விருந்துக்கு ஜைனப்பும் பிள்ளைகளும் இருக்கட்டும் என்றும் சொன்னான். ஜைனப் அவன் மனைவி. மூத்த அண்ணன் இல்லாமல் என்ன விருந்து என்று அவள் வீட்டில் சண்டை போட்டதை மற்ற பெண்கள் வந்து பிரமிளாவின் காதில் ஓதினார்கள். பிரமிளாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் அவள் ரப்பரை எடுக்கவில்லை. பதினாலு வருஷம் விட்டுக் கொடுத்தாயிற்று, இந்த ஒரு தடவை நான் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மகேந்திரனோ தீபாவளி வாரத்துத் தாளை மட்டும் கையெழுத்துப் போடாமல் மேசையிலேயே வைத்துக்கொண்டார். யாராவது கடைசி நேரத்தில் எம்.சி. கொண்டு வருவார்கள், பார்த்துக்கொண்டு போடலாம் என்றார். அக்டோபர் முடிந்தது. நவம்பர் ஒன்று, இரண்டு, மூன்று போயிற்று. இதற்கிடையில் லிட்டில் இந்தியாவுக்குப் போய் மருமகனுக்கு ஜரிகை வேட்டியும் சட்டையும், மகளுக்கு மயில்கழுத்துப் பச்சையில் சேலையும் எடுத்துவிட்டாள். நெய் உருண்டை பிடித்தாள், அச்சு முறுக்கு சுட்டாள். மார்க்கெட் கறிக்கடையில் ஆட்டுத் தொடை சொல்லி வைத்தாள். கடைக்காரன், "என்னக்கா, இந்த வருஷம் வீட்டுலயா?" என்று கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. ஒட்டாத ஜடுவலை நம்பி ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் மகேந்திரன் கையெழுத்துப் போட்டார். பிரமிளா அந்தத் தாளைக் கொண்டுபோய் நாலாவது மாடிச் சுவரில் வைத்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்தாள். எட்டாம் தேதி, அவள் பெயருக்கு நேரே ஓய்வு. இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தாள். அந்த எண்ணெய்த் தலை வருஷத்துக்குப் பிறகு தீபாவளிக் கட்டத்தில் தன் பெயரை இப்படிப் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. கால் வலிகூட அந்த நேரம் தெரியவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபடியே ஷாமினிக்குப் போன் போட்டாள்.

"ஷாமினி, ஜடுவல் ஒட்டியாச்சும்மா. ஞாயிறு எனக்கு லீவு. நீங்க ரெண்டு பேரும் சனிக்கிழமையே வந்துருங்க. விடியக்காலையில எண்ணெய் வைக்கணும்."

"அம்மா, நீங்க டூட்டின்னுல்ல நாங்க நெனச்சோம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. செப்டம்பர்ல கேட்டேன்ல. ஜடுவல் ஒட்டட்டும்னீங்க. நீங்க அப்படிச் சொன்னா டூட்டிதான். சின்ன புள்ளையிலேருந்து எனக்குத் தெரியாதா?"

பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. பிரமிளா ஏறவில்லை.

"அத்தை கிட்ட சொன்னேன், அம்மா வேலையில இருப்பாங்கன்னு" என்றாள் ஷாமினி. "அவங்க பாவம், அப்ப தைப்பிங்ல நம்ம வீட்டுலயே எண்ணெய் வச்சிடலாம், உங்கம்மாவச் செரமப்படுத்த வேணாம்னாங்க. அவங்க சொந்தக்காரங்க எல்லாத்தையும் கூப்பிட்டாச்சும்மா. சனிக்கிழமை இவரோட அக்கா, மாமா எல்லாம் ஜோகூர்லேருந்து வர்றாங்க. நாங்க ஞாயிறு ராத்திரி ஏழரைக்குச் சிலிபின் வீட்டுக்கு வந்துருவோம், நீங்க டூட்டி முடிஞ்சு வர்ற நேரத்துக்கு. எல்லாம் அப்படித்தாம்மா பிளான் பண்ணியிருக்கு."

"சரிம்மா."

"நான் வேணும்னா அத்தை கிட்ட கேட்டுப் பாக்கவா? இல்ல நீங்க தைப்பிங் வந்துருங்களேன், அங்கேயே..."

"வேணாம்மா. கூப்பிட்ட பெறகு மாத்துனா நல்லாருக்காது. நீங்க சொன்ன நேரத்துக்கே வாங்க."

"கோவமாம்மா?"

"எதுக்குக் கோவம்? போய் வேலையப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கோபம் வரத்தான் செய்தது. மகள் மேல் இல்லை, அந்தச் சம்பந்தியம்மா மேலும் இல்லை. அந்த அம்மாள் நல்ல மனசோடுதான் செய்கிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. கோபமெல்லாம் தன் வாய் மேல்தான். செப்டம்பரில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பினாங்கில் இருக்கிற பிள்ளைக்கு லீவு எப்போது, ஜோகூர் சொந்தக்காரர்கள் வருவது எப்போது, விருந்து எங்கே, எண்ணெய் யார் வைப்பது என்று அவர்களும் ஒரு ஜடுவல் போட்டுத்தானே இருக்கிறார்கள். அதில் இவளைச் சேர்க்கவில்லை என்று எந்த வாயால் குறை சொல்வது? சேர்த்துத்தான் இருக்கிறார்கள், ஞாயிறு இரவு ஏழரை மணிக்கு.

சம்பந்தி வீட்டுக்குப் போய், பெண்ணைப் பெற்றவள் விருந்தாளியாக ஒரு ஓரத்தில் நின்று, இன்னொருத்தி தன் மகள் தலையில் எண்ணெய் வைப்பதைப் பார்க்க அவளால் முடியாது. அதே நேரத்தில் சிலிபின் வீட்டில் தனியாக உட்கார்ந்து அச்சு முறுக்கைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சலாஹுதீனைக் கூப்பிட்டாள்.

"சலாஹுதீன், நீ ஞாயித்துக்கெழம தம்பி விருந்துல இரு. நான் நிக்கிறேன்."

ஏன் என்று ஒரு தடவை கேட்பான் என்று நினைத்தாள். தலை தீபாவளி என்னக்கா ஆச்சு என்று கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் காதில் போனை அழுத்திப் பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரே கலகலப்பு. அவன் யாரிடமோ, அக்கா நிக்கிறாங்களாம் என்று சத்தமாகச் சொல்வது கேட்டது. பிள்ளைகள் கத்தினார்கள். பிறகு அவன் குரல் வந்தது.

"எனக்குத் தெரியும்க்கா. கடைசியில நீங்கதான் நிப்பீங்கன்னு ஜைனப் கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். நாளைக்கே பாஸ் கிட்ட சொல்லி மாத்திடுவோம். இருங்க, அவ பேசணுமாம்."

ஜைனப் உண்மையாகவே அழுதுவிட்டாள் போலிருக்கிறது. "அல்லாஹ் உங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்க்கா. உங்களப் பத்தி நான் என்னென்னமோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. மத்தியானம் ஈப்போ திரும்புறவங்க கையில பிரியாணி குடுத்து விடுறேன். ஆஸ்பத்திரியிலதானே இருப்பீங்க?"

"இருப்பேன்" என்றாள் பிரமிளா.